கங்காணி என்று பெயர் வாங்கிய வெள்ளிக்கிழமைகள்

2007 ஜூலை 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சப்பாத்து நனைந்து, காலுறை நனைந்து, ஒப்பீசில் நாள் முழுக்க ஈரக்காலோடு. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. வாங்க வேண்டியது: குடை, பாண், சவர்க்காரம், அம்மாவுக்குத் தைலம்.

இன்று கேட்டே விட்டேன். கன நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது. சிவநேசன் சேர், ரஞ்சன், நிமல், நான். கம்பனி என்றால் அவ்வளவுதான், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. எல்லாரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நாம் செய்த புரோகிராம் அடுத்த வாரம் போகிறது. அவரவர் எழுதியதை அவரவர் மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளிக்கிழமைதோறும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவோம். என் கோடிங்கை வேறு ஒருவர் படிக்கட்டும், வேறு ஒருவருடையதை நான் படிக்கிறேன். இன்னொரு கண் படாத எதையும் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கொழும்பில் பெரிய கம்பனிகளில் இதற்கு ரிவியூ என்று பெயர். தினமும் நடக்கிறது.

ரஞ்சன் கப்பை மேசையில் வைத்தான். "நம்ம ஒப்பீசுக்குக் கங்காணி எடுத்திருக்காங்கன்னு யாருமே சொல்லலையே சேர்!"

சிரிப்பு. நிமலும் சிரித்தான். சேரும் சிரித்தார்.

கங்காணியாம்! அம்மா கொழுந்து பறிக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று "முத்தின எல, முத்தின எல" என்று கத்துகிற ஆளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அக்கரப்பத்தனையில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். ராகலை டவுனில், தன் அப்பாவின் கடைக்கு மேல்மாடியில் பிறந்த இந்த ரஞ்சன் எனக்குக் கங்காணிப் பட்டம் கட்டுகிறார். அந்த நேரம் வாயில் பதில் வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. இப்போது வருகிறது, வண்டி வண்டியாக.

இனி இவன் ர. மட்டும். முழுப்பெயர் எழுதும் அளவுக்கு மரியாதை மிச்சமில்லை.

ஜூலை 4, புதன்

மழை விட்டுப் பனி. ஜன்னலில் இருந்து ஸ்டேஷன் தெரியவில்லை, ரயில் சத்தம் மட்டும்.

பொறுமையாகப் போய்க் கேட்டேன். ஆட்களைப் பதிகிற பகுதி ர. எழுதியது. மருந்து இருப்புப் பகுதி என்னுடையது. நிமல் வயர், பிரின்டர், கம்ப்யூட்டர் மெஷின்.

"ரஞ்சன், உங்க பதிவுப் பகுதிய ஒருக்கா படிச்சுப் பார்க்கவா? குறை சொல்ல இல்ல."

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை வேற, படிக்கிறது வேற."

"ஓடுதுல்ல? ஓடுற சாமானத்துல என்னத்தப் படிக்கிறது?"

பகல் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவனுடைய ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட்! நான் என்ன திருடியா? அந்த வேலை டிஸ்பென்சரிக்குப் போகிறது, அவன் வீட்டு அலுமாரிக்குள் அல்ல.

சேரிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நல்ல மனுசன், ஆனால் யாருடைய மனமும் நோகக் கூடாது என்று நினைத்து நினைத்தே எல்லா வேலையையும் கெடுப்பார்.

"இஞ்சை பாருங்கோ கலா. படிச்ச பிள்ளையள் ஒருத்தற்றை வேலையிலை ஒருத்தர் பிழை பிடிச்சுக்கொண்டு நிக்கிறது வடிவாய் இல்லை."

"நீங்க வாத்தியாரா இருந்தீங்களே சேர். கொப்பி திருத்தாமலா இருந்தீங்க?"

"அது பிள்ளையளின்ரை கொப்பி. மாஸ்டர்மாற்றை கொப்பியை ஆர் திருத்தினது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாஸ்டர்மாரின் கொப்பியை யாரும் திருத்தாததால்தான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்கப் பிழையான சூத்திரத்தைப் பாடமாக்கினோம். அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எல்லாம் படியிறங்கும்போதுதான் ஞாபகம் வரும்.

தைலம் வாங்கியாயிற்று. குடை இல்லை.

ஜூலை 6, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமை. சரி, நானே தொடங்குகிறேன், என்னுடையதையே முதலில் போட்டு உடைக்கட்டும் என்று மருந்து இருப்புப் பகுதி முழுவதையும் பிரின்ட் எடுத்தேன். மை தீர்ந்ததற்குச் சேரின் முகம் ஒரு மாதிரி. ர. சாப்பிட்டுவிட்டு வரவே இல்லை, "பேங்க் வேலை". சேர் டெலிபோனில். நிமல் மட்டும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். பாவம், கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவன், அரைத் தூக்கம்.

பக்கங்களைப் பேப்பர் பார்ப்பது போலத் திருப்பினான். கடைசிப் பக்கம் வந்ததும் அவனுடைய சிங்களத்தில் சரி தங்கச்சி என்று தொடங்கினான்:

"ஹரி நங்கி, நல்லா இருக்கு."

"எது நல்லா இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு. இடம் விட்டு, வரி வரியா, வடிவா எழுதியிருக்கு."

"பிழை ஒண்ணும் இல்லையா?"

"ஐயோ, நங்கி எழுதினதில நான் என்ன பிழை சொல்றது?"

நல்லா இருக்காம். கல்யாண வீட்டில் கை கழுவும்போது சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது அது. ஒருவன் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுகிறான், ஒருவன் படிக்காமலே புகழ்கிறான், ஒருவர் மனம் நோகும் என்கிறார். இவர்களை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டுவது?

பின்னேரம் பிரின்ட் எடுத்த தாளில் ஒன்றில் வடை இருந்தது. நிமல் எனக்கும் ஒன்று நீட்டினான். தின்றேன். பசி.

ஜூலை 9, திங்கள்

வாடகை வான் வண்டியில் அக்கரப்பத்தனைப் பக்கம் போய்ப் புரோகிராமைப் போட்டுவிட்டு வந்தோம். எங்கள் தோட்டம் இல்லை, அதற்கு அடுத்தது. வளைவில் எனக்கு வழக்கம்போல வாந்தி. நிமல் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

டிஸ்பென்சரியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மருந்து கொடுக்கிறவரைத் தோட்டமே டாக்டர் ஐயா என்றுதான் சொல்லும். வயதான மனுசர், மெஷினைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். மிட்வைஃப் மிஸ்தான் டைப் பண்ணினார். தோட்டத்து ஒப்பீஸ் கொடுத்த ஆட்கள் பட்டியலை ர. முன்பே ஏற்றியிருந்தான். அந்தப் பட்டியலுக்குப் பிறகு தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள்.

அதில் செல்வி என்று ஒரு பிள்ளை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்திருந்தது. நேராக மிஸ்ஸிடம் போய்:

"எனக்குப் பென்சிலின் ஊசி ஆகாது மிஸ். சின்னதுல போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமப் போச்சு. அத மறக்காம எழுதிக்கங்க."

மிஸ் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டனை அமுக்கியதும் பச்சை எழுத்தில் "பதியப்பட்டது" என்று வந்தது. செல்வி அதை எட்டிப் பார்த்து, திருப்தியாகப் போனாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். கேக், பிளேன்டீ. ர. வேலை நன்றாகத்தான் ஓடுகிறது, எழுத மனமில்லை, ஆனால் ஓடுகிறது. திரும்பி வரும்போது வானுக்குள்:

"என்ன கங்காணி அம்மா, முத்தின எல ஒண்ணும் கெடைக்கலையா?"

தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலை 12, வியாழன்

எழுத்துக் கோணல்.

காலை டெலிபோன். டாக்டர் ஐயா லீவு முடிந்து வந்து, அங்கிருந்து பேசினார். அவர் இல்லாத இரண்டு நாளும் வேறு தோட்டத்திலிருந்து ஒரு பதில் ஆள். நேற்று செல்வி காலில் புண் பழுத்து, காய்ச்சலோடு வந்திருக்கிறாள். அந்தப் பதில் ஆள் ஊசி போட்டிருக்கிறார். பென்சிலின். வாசல் தாண்டுவதற்குள் விழுந்துவிட்டாள். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு.

"உசுரு இருக்கும்மா. இப்ப இருக்கு. ஆனா மெஷின்ல பாத்துட்டுத்தான் போட்டேன்னு அவரு சொல்றாரு. நீங்க வந்து பாருங்க."

மெஷினில் இருந்தது. நான் பார்த்தேன். பச்சை எழுத்தில் வந்தது. நான் பார்த்தேன்.

ர. முகம் வெளுத்துவிட்டது. சேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அந்தாள் பிழையாய் வாசிச்சிருப்பார்" என்றார். சாப்பிடவில்லை.

ஜூலை 13, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஒரேஞ்ச், பிஸ்கட். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். செல்வி முகம் இன்னும் வீங்கித்தான், ஒரு கண் திறக்கவில்லை. அம்மா பார்வதி பக்கத்தில் தரையில்.

செல்வி என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "மெஷினு கொண்டாந்த அக்காதானே?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நம்பரு கேட்டாரு, சொன்னேன். மெஷினப் பாத்துட்டு, 'பார்வதியா?'ன்னாரு. அது அம்மா பேரு சேர், அம்மா ரிட்டயர் ஆயி நம்பரு எனக்கு வந்துருச்சின்னேன். நம்பரு சரிதானேன்னாரு. எனக்கு இந்த ஊசி ஆகாது சேர்னு சொன்னேன் அக்கா. சொல்லாம இல்ல. 'ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு மெஷின்ல போட்டிருக்கே, பயப்படாத'ன்னாரு."

பிறகு: "நீங்க எழுதுனதுன்னு நானும் நம்பிட்டேன். ஒருவேள இப்ப ஆகும்போலன்னு கையக் குடுத்துட்டேன்."

பார்வதி அம்மா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். ஒரேஞ்சை உரித்து எனக்கே ஒரு சுளை நீட்டினார்.

பஸ்ஸில் வரும்போது முழுவதும் விளங்கிவிட்டது. விளங்கியதும் உடம்பெல்லாம் கொதித்தது. செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் ஒவ்வொரு வேலையாளுக்கும் கொடுக்கிற நம்பர். அம்மா வேலையிலிருந்து நின்றால் அந்த நம்பர் மகளுக்கு வரும், மகள் இல்லாவிட்டால் மருமகளுக்கு. லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஒப்பீஸ் பட்டியல் பழையது, அதில் அந்த நம்பர் இன்னும் பார்வதி. செல்வியைப் பதியும்போது புரோகிராம் என்ன செய்திருக்கும்? பாஸ்வேர்ட் போட்ட ஃபோல்டருக்குள் இருக்கிறது பதில்.

ஜூலை 14, சனி

இன்று கத்தினேன். ஹார்ட்வெயார் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

நான் போகும்போது சேர் டெலிபோனில், தோட்டத்து மேனேஜர் தொரையிடம் இங்கிலீசில். பெயர் வேறு என்று தெரிந்தும் ஊசி போட்டது பதில் ஆளின் பிழை, எங்கள் புரோகிராமில் ஒன்றும் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். வைத்ததும் தொடங்கினேன்.

"நீங்க போய் அந்தப் புள்ளையோட மூஞ்சியப் பாருங்க சேர். பாத்துட்டு வந்து இதையே சொல்லுங்க. அவ வாயால சொல்லியிருக்கா, ஆகாதுன்னு. அவ சொன்னதவிட நம்ம மெஷின் சொன்னது பெருசாப் போச்சு. அந்த மெஷின் பொய் சொல்லியிருக்கு!"

"கலா, கொஞ்சம் மெல்லமாய்..."

"மெல்லமாத்தான் சேர் கேட்டேன் போன வாரம். மெல்லமாக் கேட்டா கங்காணின்னு சிரிச்சீங்க எல்லாரும்."

ர. பக்கம் திரும்பினேன். "பாஸ்வேர்டை எடுங்க."

எடுத்தான். மறுக்கவில்லை. பதிவுப் பகுதியைத் திறந்து கதிரையை நகர்த்தி இடம் விட்டான். படிக்கத் தொடங்கி ஒரு பிளேன்டீ ஆறவில்லை, கண்ணில் பட்டுவிட்டது. நம்பர் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதையும் எழுதாமல் விட்டுவிடு. விட்டுவிட்டு நேரே கீழே போ. கீழே என்ன? பச்சை எழுத்து. "பதியப்பட்டது."

செல்வி சொன்னது எதுவும் மெஷினுக்குள் போகவே இல்லை. அந்தப் பச்சை எழுத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாளே, அந்த முகம்.

"ஒரு நம்பர் ஒரு ஆளுக்குத்தானேன்னு நெனைச்சேன்" என்றான் ர. "ரெண்டு வாட்டி வந்தா டைப் பண்றவங்க தெரியாம ரெண்டு வாட்டி பதியிறாங்கன்னு நெனைச்சேன். நம்பர் கைமாறும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! அதுக்குத்தான் படிக்கக் கேட்டேன். உங்க மூளையில சந்தேகப்பட்டா கேட்டேன்?"

நிமல் ஜன்னலைப் பார்த்தபடி, "எங்க பக்கத்துத் தோட்டத்திலயும் அப்படித்தான்" என்றான். "எனக்கும் தெரியும். என்கிட்டயும் யாரும் கேக்கலியே." அவன் மேலும் எரிச்சல் வந்தது. கேட்டிருந்தால் நல்லா இருக்கு என்றுதானே சொல்லியிருப்பாய்.

ர. கீபோர்ட்டில் கை வைத்தபடியே இருந்தான். அழுதானோ என்னவோ, நான் பார்க்கவில்லை. இரக்கப்பட நேரமில்லை. ஆளுக்கு ஒரு தனி எண், செக்ரோல் நம்பர் மாறினாலும் ஆள் மாறாதபடி. பெயரும் வயதும் பெரிய எழுத்தில் மேலே. இருவருமாக உட்கார்ந்து திருத்தினோம், வேலை தவிர ஒரு பேச்சில்லை.

சேர் போகும்போது சட்டைப்பையைத் தடவியபடி நின்றார். "வெள்ளிக்கிழமை எல்லாரும் இருப்பம். நானும் இருக்கிறன்." இந்தச் சொல்லுக்கு ஒரு பிள்ளை கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது.

ஜூலை 17, செவ்வாய்

மழை. நிமல் தோட்டத்துக்குப் போய்ப் புதியதைப் போட்டுவிட்டு வந்தான். இப்படி நம்பர் கைமாறியவர்கள் இன்னும் பலர் இருந்தார்களாம், மிட்வைஃப் மிஸ் எல்லாரையும் திரும்பப் பதிந்தாராம். செல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். சேர் நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். வார்டில் மன்னிப்புக் கேட்டாராம்.

கோபம் இறங்கவில்லை. சோறு அடிப்பிடித்தது, அதற்கும் கோபம். போர்டிங் அக்கா, "ஒனக்கு என்னடி, யார்கூட சண்ட?" என்றார். எல்லாரோடும்.

புதுக் குடை வாங்கினேன். நீலம்.

ஜூலை 20, வெள்ளி

கொஞ்சம் வெயில். எல்லாரும் வந்தார்கள். சேர் டெலிபோன் ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்தார். நாலு கதிரை, ஒரு மெஷின்.

"மொதல்ல யாரோடது?" என்றான் நிமல்.

"என்னோடது" என்றேன். "எங்கிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்ல." ர.வைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். குத்தட்டும் என்றுதான்.

ர. படித்தான். மெதுவாக, வரியில் விரலை வைத்து. என் முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிறான். சொல்லக் கூடாது, உடம்பு கூசியது. ஒவ்வொரு தடவை அவன் விரல் நிற்கும்போதும் நானும் அந்த வரிக்கு ஓடினேன். என்ன அங்கே நிற்கிறான், என்ன குறை, பிடித்துவிட்டானா? எனக்கே கோபம் வந்தது, ஒன்றும் சொல்லாதவன் மேல்.

பிறகு கேட்டான். "இந்த எடத்துல ஒரு சந்தேகம். மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, அது சீக்கிரம் காலாவதி ஆகப் போகுது. அதே மருந்து புதுசா வருது. அப்ப எண்ணிக்கைய கூட்டுது, சரி. திகதி?"

"புதுசோட திகதி வரும்."

"அப்ப பழசோட திகதி எங்க போகுது?"

அந்த வரிகளை நானே திரும்பப் படித்தேன்.

"கடையில பழசையும் புதுசையும் அப்பா சேக்க விடமாட்டாரு. பழச முன்னுக்கு வைப்பாரு" என்றான். "இங்க பழசுக்கும் புதுசோட திகதியத்தான் காட்டும்போல. நான் படிச்சது பிழையா இருந்தா சொல்லுங்க."

பிழையில்லை. அவன் கேலியாகவாவது கேட்டிருக்கலாம். பதிலுக்கு ஏதாவது வீசியிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரமாக அடுத்தவன் பூட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என்னுடையது திறந்துதான் கிடந்தது, அதனால் சுத்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மடச்சி.

ரிசீவரை எடுத்து வைத்து டிஸ்பென்சரிக்கு அடித்தேன். டாக்டர் ஐயா.

"புது மருந்து வந்துருச்சாங்க ஐயா?"

"புதன்கிழமையே வந்துருச்சும்மா. பழசையும் புதுசையும் ஒண்ணா அடுக்கிட்டோம். அதான் மெஷின் திகதி காட்டுதே."

"சிரப்பு?"

"சிரப்பும்தான். பிள்ளைக்காம்பராவுக்குக் காலையில போத்தல் குடுத்தனுப்பினோம். ஏம்மா?"

கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

"திருப்பி வாங்குங்க ஐயா. இப்பவே ஆள் அனுப்புங்க. போத்தல்ல இருக்கிற திகதியப் பாருங்க, மெஷினப் பாக்காதீங்க. எம்பிழை. நான் வர்றேன்."

சேர் வான்காரனுக்குச் சொல்லியிருக்கிறார். இதைக் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். ரஞ்சனும் வருகிறான். தன் பகுதி முழுவதையும் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், மை மங்கல்.

"இத நீங்க இன்னும் முழுசாப் படிக்கல. அந்த ஒரு எடத்தத்தான் பாத்தீங்க. இருக்கிற கோவத்தோடயே படிங்க."

வளைவில் படித்தால் வாந்தி வரும். படிக்கிறேன். கீழே ஹோர்ன் அடிக்கிறான்.